தாம்பரம் ஸ்டேஷனும் ஒரு காபி ஸ்டேஷனும்

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஏதாவது பயனுள்ள தலைப்பில் பதினைந்து நிமிஷம் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டபோது, நான் பிக்சட் டெபாசிட் வட்டி பற்றித்தான் பேசப் போகிறேன் என்று பலர் நினைத்திருப்பீர்கள். வங்கியில் காலம் தள்ளியவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? ஆனால் இன்று பேச வந்தது காபி பற்றி. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு நாம் காபி கொடுக்கும் முறையில் உள்ள ஒரு சின்னக் குறையையும், அதற்காக எங்கள் வீட்டில் செய்த ஒரு சின்ன ஏற்பாட்டையும் சொல்லப் போகிறேன்.

நாம் குடியிருக்கும் இடத்தின் ராசி உங்களுக்குத் தெரியும். பாண்டியன், நெல்லை, பொதிகை என்று தெற்கிலிருந்து வரும் ரயில்கள் தாம்பரத்தில் நின்றுதான் எழும்பூர் போகின்றன. 2023 டிசம்பர் 30-ம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென்மாவட்ட பஸ்ஸில் வருபவர்களும் நம் பக்கத்திலேயே இறங்குகிறார்கள். விமானத்தில் வந்தால் மீனம்பாக்கம். ஆக, ஊரிலிருந்து சென்னைக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு முதல் வாசல் நம் வீடுதான். ஆஸ்பத்திரிக்கு வருபவர், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வருபவர், பேரனைப் பார்க்க விமானம் ஏறப் போகிறவர், எல்லோரும் நம்மிடம் ஒரு இரவாவது தங்குவார்கள். பெரும்பாலும் பால் பாக்கெட் வருவதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிடுவார்கள்!

அப்படி வந்தவர்தான் என் சித்தப்பா. ராஜபாளையத்துக்காரர், வயது 78. கண்புரை அறுவை சிகிச்சைக்காகப் பொதிகையில் வந்து இறங்கினார். எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்குவதாக ஏற்பாடு. முதல் நாள் இரவே என் மனைவி, "மாமா, உங்களுக்குச் சீக்கிரம் முழிப்பு வந்திடும்னு தெரியும். எப்ப வேணும்னாலும் என்னை எழுப்புங்க, காபி போட்டுத் தர்றேன்" என்றார். "சரிம்மா" என்றார் சித்தப்பா. மறுநாள் ஆறு மணிக்கு நாங்கள் எழுந்து வந்தபோது ஹாலில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். "எப்ப எழுந்தீங்க?" என்றால், "இப்பத்தாம்ப்பா" என்றார். தினமும் அதே கேள்வி, அதே பதில். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஆபரேஷன் முடிந்து நான்காவது நாள், நம் செக்யூரிட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், உங்க வீட்டுக்கு வந்திருக்கிற பெரியவர் தினமும் நாலரைக்கு வந்து கேட்டைத் திறக்கச் சொல்றாரு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடைக்குப் போய்ட்டு வர்றாரு. கண்ணுல ஆபரேஷன் ஆனவரு, இருட்டுல ரோட்டைத் தாண்டுறாரு. மனசு கேக்காம ரெண்டு நாள் நானே கூடப் போய்ட்டு வந்தேன்" என்றார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. பகலிலேயே நாம் மூன்று முறை பார்த்துவிட்டுத் தாண்டும் சாலை அது. விடியற்காலையில் லாரிகள் எந்த வேகத்தில் வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு, இன்னொரு கண்ணில் புரையோடு, ஒரு டம்ளர் காபிக்காக அவர் அதைத் தாண்டியிருக்கிறார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சித்தப்பா?" என்றேன். அவர் சொன்னது: "அசந்து தூங்குற பிள்ளைய ஒரு வாய் காபிக்காக எழுப்புறதாப்பா? மனசு வரலை."

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. "எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் கேட்பதுதான் விருந்தாளிக்கு இருப்பதிலேயே கஷ்டமான வேலை. வள்ளுவர் விருந்தினர் மனத்தை அனிச்சப் பூவோடு ஒப்பிட்டு, அதைவிடவும் மென்மையானது என்று சொல்லியிருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியதோடு சரி. அதன் அர்த்தத்தை எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு செக்யூரிட்டி வர வேண்டியிருந்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. விருந்தாளி வந்ததும் என் மனைவி சமையலறைக்குப் போய்விடுவார். காபியோடு வந்து கொடுத்துவிட்டு, டம்ளர்களை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போவார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் கிளம்பிய பிறகு, "மாப்பிள்ளை எங்க வேலை பார்க்கிறாராம்? பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்று என்னிடம் கேட்பார். நான் பாதியை மறந்திருப்பேன். இத்தனை வருடங்களில் எத்தனை பேச்சுகளை அவர் அடுப்படியிலிருந்து அரைகுறையாகக் கேட்டிருப்பார்!

இதையெல்லாம் கல்லூரியில் படிக்கும் என் பேத்தியிடம் சொன்னேன். "தாத்தா, வெளிநாட்டு வீடுகள்ல இதுக்குன்னே ஒரு இடம் வச்சிருப்பாங்க. காபி ஸ்டேஷன்னு பேரு" என்று செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். "எனக்குத் தாம்பரம் ஸ்டேஷன் தெரியும், சானடோரியம் ஸ்டேஷன் தெரியும், காபி ஸ்டேஷன் எந்த லைனில் வருது?" என்றேன். வீடியோவில் ஒரு அலமாரி, ஒரு மெஷின், கொக்கியில் தொங்கும் கோப்பைகள், சின்ன விளக்கு. விருந்தாளி தானே போய்க் கலந்துகொள்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு வெந்நீர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நமக்கு டிகாஷன் வேண்டும், சூடான பாலும் வேண்டும். சிக்கலே இங்கேதான்.

"காபியை நாம்தான் கலந்து கையில் கொடுக்க வேண்டும், அவர்களே போட்டுக்கொள்ளச் சொன்னால் மரியாதையா?" என்று சிலர் கேட்கலாம். என் மனைவியும் முதலில் கேட்டார். யோசித்துப் பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற சூஃபி ஏமனிலிருந்து ஏழு காபிக் கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. தமிழ்நாட்டு வீடுகளில் காபி புழங்கத் தொடங்கி நூறு வருடத்துக்குச் சற்று அதிகமாக இருக்கலாம், அவ்வளவுதான். அதற்கு முன் காலையில் நீராகாரம். வந்தவருக்குத் தண்ணீரும் மோரும். ஆ. இரா. வேங்கடாசலபதி இந்த மாற்றத்தைப் பற்றி எழுதிய கட்டுரை நூலின் பெயரே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்பதுதான். கொள்ளுத்தாத்தா காலத்தில் இல்லாத ஒரு பழக்கத்தை நம் வசதிக்குக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் குற்றமில்லை.

இனி, எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இடம். சமையலறை வேண்டாம். அடுத்தவர் சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்ட எந்த விருந்தாளிக்கும் கை வராது. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், ஹாலில் படுத்திருப்பவர் நான்கு அடி நடந்தால் எட்டும்படி ஒரு சின்ன மேசை. மேலே ஒரு இரவு விளக்கு.

அடுத்து மின்சாரம். இதைக் கவனமாகக் கேளுங்கள். கருவியின் பின்னால் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். அதை 230-ஆல் வகுத்தால் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று தெரிந்துவிடும். 1500 வாட் கெட்டில் என்றால் ஆறரை ஆம்பியர். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். செல்போன் சார்ஜர் மாட்டும் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கு உரியது. அது தாங்காது. பெரிய 16 ஆம்பியர் பாயிண்டில்தான் மாட்ட வேண்டும். சாதாரண எக்ஸ்டென்ஷன் போர்டு போட்டு இழுப்பது கூடவே கூடாது.

மூன்றாவது டிகாஷன். தூள் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் எழுத வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பாதிக்குப் பாதி சிக்கரி இருந்தால் டிகாஷன் கறுப்பாக இறங்கும், ஆனால் காபியின் மணம் இருக்காது. நாங்கள் வாங்குவது 80-க்கு 20. விருந்தாளி வரும் வாரம் மட்டும் 200 கிராம் புதிதாக அரைத்து வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைப்போம். ரொம்ப நைசாக அரைத்தால் பில்டர் அடைத்துக்கொள்ளும், நடுத்தரமாகச் சொல்லி வாங்குங்கள். ஏற்கெனவே அடைத்திருந்தால், மேல் பாத்திரத்தை மட்டும் அடுப்புத் தீயில் ஒரு நிமிடம் காட்டிவிட்டு, ஆறியதும் கழுவுங்கள். ஓட்டைகள் திறந்துகொள்ளும்.

இரவு ஒன்பதரைக்கு, மூன்று பேருக்கென்று மூன்று மேசைக்கரண்டி தூளைக் குவியலாகப் போட்டு லேசாக அழுத்தி, கொதித்து அடங்கிய தண்ணீர் ஒரு டம்ளர் ஊற்றி மூடிவிடுவேன். படுக்கப் போவதற்குள் இறங்கிவிடும். மேல் பாத்திரத்தை எடுத்துவிட்டு, கீழ்ப் பாத்திரத்தை மூடி மேசையில் வைத்துவிடலாம். காலை வரை கெடாது. மிச்சம் இருந்தால் பகலில் பிரிட்ஜில் வையுங்கள். டிகாஷனை மட்டும் திரும்பக் கொதிக்க வைக்காதீர்கள், கசந்துவிடும். நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் அதிகம். காபிக்கு மட்டுமாவது கேன் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ பயன்படுத்துங்கள். வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும்.

நான்காவது பால். நான் முதலில் செய்த தப்பு இதில்தான். இரவே பாலைக் காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றி வைத்தேன். காலையில் திறந்தால் ஒரு வாடை. பால் பிளாஸ்கில் மெல்ல மெல்ல ஆறும். 60 டிகிரிக்குக் கீழே வந்து வெதுவெதுப்பாக நிற்கும் நேரம்தான் கிருமிகள் பெருக வசதியான நேரம். அதனால் பிளாஸ்கில் வெந்நீர் மட்டும். காய்ச்சி ஆறிய பாலை ஒரு சின்னப் பாத்திரத்தில் மூடி, பிரிட்ஜில் முன்வரிசையில் வைத்துவிடுங்கள். மேசையில் இண்டக்‌ஷன் அடுப்பு. புது வீட்டில் கியாஸ் குமிழை இருட்டில் திருகுவதைவிட இது பத்திரம். தீ இல்லை, பாத்திரத்தை எடுத்தால் சூடாவது நின்றுவிடும். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால் அது இண்டக்‌ஷனுக்கு ஏற்றது. டைமரில் எங்கள் அடுப்புக்கு நான்கு நிமிடம் சரியாக இருக்கிறது. உங்கள் அடுப்புக்கு எவ்வளவு என்று ஒரு தடவை நின்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மேசையெல்லாம் பால் பொங்கிவிடும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இண்டக்‌ஷன் அடுப்பின் அருகே போகலாமா என்று அவர்களின் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தப் பால் என்பது அவரவர் விருப்பம். ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம். கள்ளிச்சொட்டு மாதிரி காபி வேண்டுமென்றால் ஆரஞ்சு. விருந்தாளி வரும் நாளுக்கு முந்தின மாலையே அரை லிட்டர் கூடுதலாக வாங்கிவிடுங்கள்.

ஐந்தாவது சர்க்கரை. எப்போதும் தனியாக. நம் வயதில் பத்துப் பேர் உட்கார்ந்தால் எத்தனை பேருக்குச் சுகர் என்று இந்த ஹாலிலேயே எண்ணலாம், எண்ண வேண்டாம்! "எனக்குச் சர்க்கரை இல்லாம" என்று சபையில் சொல்லக் கூச்சப்பட்டு இனிப்புக் காபியைக் குடித்து வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தானே கலந்துகொள்ளும் இடத்தில் அந்தச் சங்கடம் இல்லை. பக்கத்திலேயே ஒரு டப்பாவில் சுக்குமல்லித் தூள், கொஞ்சம் கருப்பட்டி. சாயந்தரம் காபி குடித்தால் தூக்கம் வராது என்பவர்களுக்குப் பிளாஸ்க் வெந்நீரில் அது ஆகும். எறும்பை நினைத்து எல்லா டப்பாவுக்கும் இறுக்கமான மூடி.

ஆறாவது டம்ளர். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

மேசையில் ஆறு டபரா செட் அடுக்கலாம் என்று வீட்டிலுள்ள டம்ளர்களையெல்லாம் எடுத்து எண்ணினோம். சமையலறை ஜன்னல் ஓரத்தில் தனியாக ஒரு கண்ணாடி கிளாஸ் கவிழ்ந்திருந்தது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குக் காபி கொடுக்கும் கிளாஸ். எங்கள் வீட்டில் அவர் பதினோரு வருடமாக வேலை செய்கிறார். அந்தக் கிளாஸைத் தனியாக வைத்தது யார், எப்போது என்று எனக்கும் நினைவில்லை, என் மனைவிக்கும் நினைவில்லை. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை என்று பேப்பரில் படித்தால் 'இந்தக் காலத்திலும் இப்படியா' என்று வருத்தப்படுகிறவன் நான். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. வங்கி கேண்டீனில் மேனேஜர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை ஒரே டம்ளரில்தான் குடித்தோம். அப்படிப்பட்டவன் வீட்டு ஜன்னலில் அந்தக் கிளாஸ்.

மறுநாள் அவருக்கு டபரா செட்டில் காபி கொடுத்தோம். "எனக்கு அந்தக் கிளாஸே போதும்மா" என்று ஒரு வாரம் மறுத்தார். பிறகு வாங்கிக்கொண்டார். இப்போது மேசையில் தானே கலந்துகொள்கிறார். குழாய் ரிப்பேருக்கு வருபவருக்கும் அதே டம்ளர்தான். அந்தக் கண்ணாடி கிளாஸில் இப்போது என் டூத்பிரஷ் நிற்கிறது. உங்கள் வீட்டில் எப்படி என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஜன்னல் ஓரத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு அட்டை. நான்தான் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்: "காபி இங்கே. பால் பிரிட்ஜில். யாரையும் எழுப்ப வேண்டாம்." விருந்தாளி வந்த அன்றே அவரை மேசைக்கு அழைத்துப்போய், ஒரு காபியை அவர் கையாலேயே கலக்க வைத்துவிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் மேசை அலங்காரப் பொருளாக நின்றுவிடும். வயதானவர், கை நடுங்குபவர் என்றால் நாமேதான் கலந்து கொடுக்க வேண்டும். அது வேறு.

செலவுக் கணக்கு சொல்லாமல் போனால் பழைய தொழிலுக்கே அவமானம். ஒரு லிட்டர் பிளாஸ்க் 890, இன்னொரு பில்டர் 460, டப்பாக்கள் நான்கு 320, டிரே 270. மொத்தம் 1,940 ரூபாய். அடுப்பும் டம்ளரும் வீட்டில் இருந்தவை. மேசை, பேரன் படித்து முடித்துப் பரணில் கிடந்தது.

மூன்று மாதம் கழித்து, இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளச் சித்தப்பா மறுபடி வந்தார். அட்டையைப் படித்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை அடுப்பில் இரண்டு தடவை பழகிக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை டபராவில் காபி ஆற்றும் சத்தம் கேட்டு எனக்கு முழிப்பு வந்தது. எழவில்லை. கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். கேட் திறக்கும் சத்தம் கேட்கவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. ஆறு மணிக்கு என் மனைவி எழுந்து வந்தபோது சித்தப்பா மறுபடி பாலைச் சூடாக்கி, ஒரு டபராவில் காபி ஆற்றி அவர் கையில் கொடுத்தார். "உக்காரும்மா, குடி" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் காலையில் இன்னொருவர் போட்ட காபியை உட்கார்ந்து குடித்தது அன்றைக்குத்தான் என்று என் மனைவி பிற்பாடு சொன்னார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இப்போது வாரத்தில் மூன்று நாள் காலைக் காபி என் பொறுப்பு. டிகாஷன் சில நாள் தண்ணியாகிவிடுகிறது, அவர் பொறுத்துக்கொள்கிறார்.

யாருக்காவது பார்க்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். காபி வேண்டுமா என்று கேட்க மாட்டேன். மேசையைக் காட்டுவேன், அவ்வளவுதான்.